முளைவிட்ட சோளமும் பதினெட்டுக் குட்டிகளும்

ஒரு குழந்தையின் மோவாயில் வழிந்த ராகிக் கஞ்சியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பண்ணை வாசலில் இருக்கும் புங்கமரத்தடியில் சவரியம்மா கால் நீட்டி உட்கார்ந்து, எட்டு மாத மகனை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நம் பண்ணையில் பன்றிக்குட்டிகளுக்குத் தீனி வைப்பவர் அவர்தான், உங்களுக்குத் தெரியும். வழக்கமாகக் குழந்தையை ஆஸ்டின் டவுனில் நாத்தனார் ஆரோக்கியத்திடம் விட்டுவிட்டு வருவார். அன்று நாத்தனாருக்கு வேறு வேலை இருந்ததால் தூக்கி வந்துவிட்டார். பிள்ளை வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டது. ஒரு முனகல் இல்லை.

“என்ன கஞ்சி?” என்றேன்.

“ராகி சார். மொளகட்டி, காய வச்சு, வேரு உதுத்து, வறுத்து இடிக்கறது. பால் மறக்கடிக்கச் சொல்லோ இது குடுத்தா வயிறு கெடாது.”

பால் மறக்கடிக்கும்போது வயிறு கெடாது! நான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், பால் மறந்து பத்து நாளான பதினோரு பன்றிக்குட்டிகள் கழிச்சலில் மெலிந்து, முதுகெலும்பு தெரிய நின்றுகொண்டிருந்தன.

இந்த மாதம் நீங்கள் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பணி அனுபவங்கள் என்றால் பென்ஷன் வாங்கியவர்கள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத வேண்டியது என்று நினைப்பீர்கள். எனக்கு இருபத்தேழு வயது. பென்ஷன்வரை காத்திருந்தால் நடந்தது மறந்துபோகும், இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக ஞாபகம் வரும். இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு ஆபத்து. பயம் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

தீனி எப்படிக் கலப்பது என்பதெல்லாம் கலவை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத ஒரே ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இந்த உலக யுத்தத்துக்கு முன்னால் நம் குட்டிகள் மக்காச்சோளமும் பார்லியும் தின்றன. தானியத்துக்கு ரேஷன் சீட்டு வந்த பிறகு அதெல்லாம் போயிற்று. மிஞ்சியது தவிடும் அரிசி நொய்யும். பெரிய பன்றி எதையும் தின்று சமாளிக்கும். எட்டு வாரக் குட்டிக்கு அது முடியாது. நேற்றுவரை தாயின் மடி, இன்று மரத்தொட்டி. அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் கண்டம். பட்டாள ஆஸ்பத்திரிக்கு நாம் அனுப்ப வேண்டிய இறைச்சியெல்லாம் அந்தப் பதினைந்து நாளில் பிழைக்கும் குட்டிகளிலிருந்து வருவது.

அதனால் முளைகட்டிய ராகியைக் கொடுத்துப் பார்த்தோம். சவரியம்மா வீட்டில் செய்வதைப் போலவே இங்கேயும் செய்தார். ஊறவைத்து, கோணியில் கட்டி, காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து வேரை உதிர்த்து, புடைத்து, வறுத்து, அரைத்தார். வேலைக்காரர்களுக்கு இதில் பெரிய கொண்டாட்டம்.

“பன்னிக்குட்டிக்குப் பாப்பா கஞ்சியா!” என்றார் தொம்மலூரிலிருந்து தவிட்டு வண்டி ஓட்டி வரும் முனியப்பா. வீட்டில் கன்னடம், நம்மிடம் அவர் பாணியில் ஒரு தமிழ். “அடுத்தது தொட்டில் கட்டுவீங்களா சார்?”

“தொட்டில் இன்னா, ஞானஸ்நானமே குடுப்பாரு சார். நீங்கதான் ஞானத்தகப்பன்” என்றார் சவரியம்மா.

சிரித்தார்கள். ஆனால் நான்காம் நாள் கழிச்சல் நின்றது. இரண்டாவது வாரம் குட்டிகளின் முதுகு உருண்டது. நான் தரையில் நடக்கவில்லை. தினமும் ஒரு தாளில் எதையாவது எழுதி, சூப்பரிண்டெண்ட் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, “நல்லது. மெதுவா” என்பார். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அந்த ‘மெதுவா’வில்தான் எனக்கு எரிச்சல் வரும். வேகமாகப் போகத் தெரியாதவர் சொல்லும் வார்த்தை என்று நினைத்தேன்.

பிறகு ராகியும் நின்றது. மூட்டைக்குப் பதில் மூட்டை என்று வெள்ளைச் சோளம் வந்து இறங்கியது. மக்காச்சோளம் இல்லை, நம் நாட்டுச் சோளம். கன்னடத்தில் ஜோளம் என்பார்கள், ரொட்டி தட்டுவார்களே அது. அந்த வாரம் பதினெட்டுக் குட்டிகள் பால் மறக்க வேண்டியிருந்தது. ஒரே சமயத்தில் அத்தனை குட்டிகள் இதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை. ராகியில் நடந்தது சோளத்தில் நடக்காதா? சோளமும் தானியம்தானே? முளைகட்டச் சொன்னேன்.

மூன்றாம் நாள் கோணியைப் பிரித்தபோது எனக்கு ஆசையாக இருந்தது. ராகி முளை நூல் மாதிரி. சோள முளையோ விரல் நீளம், வெள்ளைவெளேர் என்று, நுனியில் இளம்பச்சை. தொட்டால் குளுகுளு என்றிருந்தது.

“இன்னிக்கிக் காயப் போட்டா நாளன்னிக்கு வேரு உதுக்கலாம் சார்” என்றார் சவரியம்மா.

“காய வேண்டாம். பச்சையாவே அரைச்சுக் குடுப்போம்.”

“பச்சையாவா? வேரோடவா?”

“சத்தெல்லாம் அந்தப் பச்சையிலதான் இருக்கு. நீ காய வச்சு, வறுத்து, பாதியைக் கொன்னுடறே.”

அவர் கோணியின் வாயைச் சுருட்டிப் பிடித்தார். “ராகில அப்டி செய்யலியே சார்” என்றார்.

“அது ராகி. இது சோளம்” என்றேன்.

இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். முளைகட்டும்போது ராகியும் சோளமும் ஒன்று. காயவைக்கச் சொன்னால் ராகி வேறு, சோளம் வேறு. எனக்கு அவசரம், அவசரத்துக்கு எது தோதோ அது உண்மை.

அதோடு நின்றேனா? அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பும்போது, இரண்டு கை நிறைய முளைகளை அள்ளி வாழை இலையில் கட்டிக் கொடுத்தேன். ராகி அவர் வீட்டுக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். யோசனையே அந்தக் குழந்தையிடமிருந்து வந்தது அல்லவா, நன்றி சொல்வதாக எண்ணம்.

“புள்ளைக்கு. பச்சையாவே அரைச்சுக் கஞ்சி வைக்கச் சொல்லும்மா. வறுக்க வேணாம்.”

“சரி சார்” என்றார். வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முளைகளை அரைத்தோம். கலவை அறை முழுக்க ஒரு வாசனை எழுந்தது. இனிப்பும் கசப்பும் கலந்த வாசனை.

“கேக்கு வாசனை அடிக்குது சார். கிறிஸ்மஸ் வந்த மாதிரி” என்றார் சவரியம்மா.

உண்மைதான். கன்டோன்மென்ட் பேக்கரிகளில் வாதாம் எசென்ஸ் ஊற்றுவார்களே, அசல் அது. குட்டிகளுக்குப் பிடிக்கும் என்றேன். பிடிக்கத்தான் செய்தது. தொட்டியில் ஊற்றியதும் பதினெட்டும் முட்டி மோதித் தின்றன. நான் வேலியில் சாய்ந்து கையில் கடிகாரத்தோடு நின்றேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. குட்டிகளின் காதும் மூக்கும் ரோஜா நிறமாகச் சிவந்துவிட்டன. நம்முடையவை வெள்ளைச் சாதி. தோலில் நிறம் ஏறினால் பளிச்சென்று தெரியும். இதை நீங்கள் நம்ப வேண்டும்: நான் சந்தோஷப்பட்டேன். “பாத்தியா, ரத்தம் ஊறுது!” என்று சொன்னேன். சவரியம்மா குட்டிகளின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் துருத்தி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன.

முதல் குட்டி தொட்டியிலிருந்து விலகி நாலடி நடந்தது. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. விழுந்தது. எழுந்திருக்கப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து காற்றைக் கடித்தது. அப்படித்தான் சொல்ல முடியும். மூச்சு விடுவது மாதிரி இல்லை, கடிப்பது மாதிரி. பிறகு இரண்டாவது. மூன்றாவதும் நான்காவதும் ஒன்றாக. சத்தமே இல்லை. பன்றிக்குட்டி என்றால் காலைத் தொட்டாலே ஊரைக் கூட்டும். அன்று அந்தக் கொட்டடியில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. இன்னும் என் காதில் இருப்பது அந்த மௌனம்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. கை எழுதியது, தலை வேலை செய்யவில்லை.

வேலிக்கு வெளியே தவிடு இறக்கிக்கொண்டிருந்த முனியப்பா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். விழுந்து கிடந்த குட்டியை ஒரு கணம் பார்த்தார்.

“ஏன் சார், என்னா திந்துச்சு இது?”

“சோளம். முளைவிட்ட சோளம்.”

“அய்யோ சிவனே! எள ஜோளமா? மழ இல்லாம வாடிப்போன எள ஜோளத்துல எத்து வாய் வச்சா இப்டித்தான் சார் விழும். எங்க அண்ணன் எத்து ரெண்டு போச்சு. பயிர் மொழங்கால் ஒசரம் வர்றவரைக்கும் நாங்க மாட்ட அந்தப் பக்கமே விடறதில்ல.”

எத்து என்றால் எருது. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. எனக்கு இது தெரியும். கல்லூரியில் படித்தேன். தேர்வில் கேட்டார்கள், ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இளம் சோளப் பயிரில் விஷம் உண்டு. மாடு மூச்சுத் திணறிச் சாகும். ரத்தம் கருக்காமல் சிவந்தே இருக்கும். எல்லாம் தெரியும். ஆனால் அது ‘பசுந்தீவனம்’ என்ற பாடத்தில் இருந்தது. சோளம் ‘தானியங்கள்’ என்ற பாடத்தில் இருந்தது. இடையில் நூறு பக்கம். வயலில் நிற்கும் குருத்தும் கோணிக்குள் இருக்கும் முளையும் ஒன்றே என்று என் தலைக்குள் யாரும் சொல்லவில்லை. முனியப்பாவிடம் பாடம் பிரிந்திருக்கவில்லை. அவருக்கு எல்லாம் ஒரே ஜோளம்.

தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தேன். நின்றிருந்த குட்டிகளை விரட்டினோம். அதற்குள் சூப்பரிண்டெண்ட் வந்துவிட்டார். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். கவிழ்ந்த தொட்டி, தரையில் கூழ், விழுந்த குட்டிகள், என் கையில் கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன். எத்தனை விழுந்தன, எத்தனை மணிக்கு, என்ன அளவு என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இந்த முளை வேற எங்கே போயிருக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“தொட்டியில இருக்கறது தெரியுது. மிச்சம் எங்கே? வேற கொட்டடிக்குப் போச்சா? யார்கிட்டயாவது குடுத்தியா?”

நான் திரும்பினேன். சவரியம்மா காலி வாளியை இடுப்பில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இலைப்பொட்டலம் ஞாபகம் வந்தது. அவருக்கு என்னைவிட முன்பே வந்துவிட்டது.

“நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டு வந்தேன் சார்” என்றார். “பச்சையாவே அரைச்சுக் காச்சச் சொன்னேன்.”

வாளி விழுந்தது. அவர் ஓடத் தொடங்கியிருந்தார்.

“சைக்கிளை எடு” என்றார் சூப்பரிண்டெண்ட். “குட்டிகளை நான் பாத்துக்கறேன். போ!”

தொம்மலூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் சவரியம்மாவைப் பிடித்தேன். பின்னால் கேரியரில் தாவி உட்கார்ந்தார்.

“எப்ப குடுப்பாங்க?”

“பத்து மணிக்கு. தூங்க வைக்கறதுக்கு முன்னாடி. மணி இன்னா சார்?”

ஒன்பது நாற்பத்தைந்து. நான் சொல்லவில்லை.

“மணி இன்னான்னு கேக்கறேன்!”

“இருக்கு. நேரம் இருக்கு.”

“ஜல்தி மிதி சார். ஜல்தி.”

மிதித்தேன். மிதிக்க மிதிக்கக் கணக்கு ஓடியது. குட்டி பன்னிரண்டு சேர் எடை இருந்தும் கால் மணி தாங்கவில்லை. இந்தப் பிள்ளை எட்டு மாதம். கொதிக்க வைத்தால் விஷம் போகுமா? புத்தகத்தில் அந்த வரி இருந்ததா? இருந்த மாதிரி இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. நான் மதிப்பெண் வாங்கிய அந்தப் பக்கத்தை மனத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி பிடிபடவில்லை. பின்னால் சவரியம்மா தனக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கும், பாதியில் அறுந்துபோகும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

அகரம் மைதானத்துக்குப் பக்கத்தில் சாலையை மறித்துப் பட்டாள லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வரிசைக்கு முடிவு தெரியவில்லை. சிவப்புத் தொப்பி போட்ட பட்டாளப் போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். “குழந்தை, குழந்தை” என்று இங்கிலீஷில் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எதிரே ஒரு லாரி, அடுத்த லாரி, அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு மிடறு கஞ்சி என்று எனக்குத் தோன்றியது.

கேரியர் லேசானது. சவரியம்மா இறங்கிவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, லாரிகளுக்கு நடுவே நடந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் கிறீச்சிட்டது. யாரோ வைதார்கள். கண்ணைத் திறந்தபோது அவர் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார், நின்ற லாரிக்கு முன்னால் எனக்கும் ஒரு சைக்கிள் அகலத்துக்கு இடம் இருந்தது.

ஆஸ்டின் டவுனில் அவர் வீடு ஒரு வரிசையின் நடுவில், இரண்டு அறை. கதவு திறந்திருந்தது. அவருக்குப் பின்னால் நானும் செருப்போடு உள்ளே போனேன். தரையில் ஒரு கிண்ணம். அடியில் கொஞ்சம் கஞ்சி. பக்கத்தில் சங்கு. மூலையில் சேலைத் தூளியில் குழந்தை. அசைவில்லை. வாயோரம் வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது.

சவரியம்மா தூளிக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். அவ்வளவு தூரம் ஓடி வந்தவர், அந்த இரண்டடியைத் தாண்டவில்லை. தாண்டினால் தெரிந்துவிடும் அல்லவா.

கொல்லைப்புறத்திலிருந்து ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இன்னா அண்ணி, இந்நேரத்துல? வேலைலேர்ந்து துரத்திட்டாங்களா?”

“புள்ளைக்குக் குடுத்தியா?”

“குடுத்தேன். குடிச்சிட்டு இப்பதான் தூங்கறான். சத்தம் போடாத.”

“எத குடுத்தடீ?”

“நொய்க் கஞ்சிதான். வேற இன்னா இருக்குது வீட்டுல?”

“நேத்து குடுத்தேனே, சோளம்...”

“அதா?” ஆரோக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான்தான் அந்த சார் என்று தெரிந்திருக்கும். “அத எப்டி அரைக்கறது? காயவே இல்ல. வேரு வேற முடி மாதிரித் தொங்குது. ஒண்ண வாயில போட்டுப் பாத்தேன், கசப்பு. துப்பிட்டேன். ஓட்டு மேல துணி போட்டுக் காய வச்சிருக்கேன். பச்சையா அரைக்கச் சொன்னாராமே, உங்க சாரு எத்தினி புள்ள பெத்தாரு?”

சவரியம்மா அந்த இரண்டடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தார். வைத்தது வைத்தபடியே நின்றார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அடித்தொண்டையிலிருந்து அழுதார். பிள்ளை விழித்துக்கொண்டு அதுவும் வீறிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஆரோக்கியம் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். பதினெட்டுக் குட்டிகளுக்கு அரைத்துக் கொட்டிய நான் ஒரே ஒரு முளையைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

பண்ணைக்குத் திரும்பியபோது ஏழு குட்டிகள் செத்திருந்தன. மற்ற பதினொன்றும் மரநிழலில் தள்ளாடிக்கொண்டு நின்றன; மாலைக்குள் தேறிவிட்டன. சூப்பரிண்டெண்ட் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றி. சொன்னேன். தலையசைத்துவிட்டு, பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். காரணம் என்ற கட்டத்தில் ‘தீவனக் கோளாறு’ என்று எழுதினேன்.

“கோளாறு தீவனத்துக்கா?” என்றார்.

அடித்துவிட்டு, ‘பச்சைச் சோள முளை. கொடுக்கச் சொன்னவன் நான். காயவைக்க வேண்டும் என்று சவரியம்மா சொல்லியும் கேட்கவில்லை’ என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்.

அவர் எனக்கு அன்று உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணெதிரே ஏதாவது விழும்போது மனம் விழுந்ததையே எண்ணிக்கொண்டிருக்கும். விழுந்தது விழுந்ததுதான். அதே பொருள் வேறு எங்கே போயிருக்கிறது, யார் வாய்க்குப் போகப் போகிறது? முதலில் கேட்க வேண்டியது அது. அன்று அவர் கேட்காமல் இருந்திருந்தால், நான் மத்தியானம்வரை குட்டிகளைச் சுற்றி வந்திருப்பேன். ஆரோக்கியத்தின் நாக்கு என்னைக் காப்பாற்றியது என்பது வேறு விஷயம். அதை நான் சம்பாதிக்கவில்லை.

சவரியம்மா மறுநாளே வேலைக்கு வந்தார். ஒரு துணி மூட்டையை என் மேசையில் வைத்து, “உங்க சோளம் சார்” என்றார். ஓட்டின் மேல் காய்ந்தது. அதன் பிறகு ஒன்பது நாள் ‘ஆமா சார்’, ‘இல்ல சார்’ தவிர வேறு பேச்சில்லை. கேலி இல்லை, ஞானஸ்நானம் இல்லை. அந்த ‘ஆமா சார்’ ஒவ்வொன்றும் எனக்குப் பயமாக இருந்தது. ஆமா சார் என்று சொல்கிறவர் அடுத்த தடவை என்னை எச்சரிக்க மாட்டாரே!

விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மறுபடியும் தவிடு, மறுபடியும் கழிச்சல். சோள மூட்டைகள் மட்டும் கலவை அறையில் அடுக்கியே இருக்கின்றன. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பனிடம் கேட்டேன். மஞ்சள் மருந்தில் தோய்த்த தாள்கள் சில கொடுத்தான். அரைத்த தானியத்தைப் புட்டியில் போட்டு, தாளை மேலே தொங்கவிட்டு மூட வேண்டும். விஷக்காற்று எழுந்தால் மஞ்சள் சிவப்பாகும்.

ஐந்து புட்டி வைத்தேன். பச்சைச் சோள முளை: அரை மணியில் தாள் செங்கல் நிறம். முளைக்காத சோளம்: மஞ்சள் மஞ்சளாகவே. மூட்டையடியில் மிஞ்சிய ராகியின் முளை: மஞ்சள். ஆரோக்கியம் காயவைத்தது, வேரோடு: சிவப்புதான். காய்ந்தும் சிவப்பு! அன்று அவர் கசப்பைப் பொருட்படுத்தாமல் காய்ந்ததும் இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் புட்டியை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. கடைசியாக, காயவைத்து, வேரும் குருத்தும் தேய்த்து உதிர்த்து, புடைத்து, வறுத்த சோளம்: மஞ்சள். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். வெளிச்சத்தில் பிடித்தால் இல்லை. நிழலுக்குக் கொண்டுவந்தால் இருக்கிறது.

அந்தப் புட்டியைச் சவரியம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“நாலு வாட்டி தேச்சுப் பொடைக்கணும். நீங்க ரெண்டு வாட்டிதான் பொடைச்சிருக்கீங்க” என்றார். ஒன்பது நாளில் அதுதான் முதல் முழு வாக்கியம்.

“நீங்க செஞ்சு தர்றீங்களா?” என்றேன். ‘நீங்க’ என்று சொன்னது எனக்கே கேட்டது.

“தரேன். ஆனா ஒரே குட்டி. ஒரு பிடி. நான் நிறுத்துன்னா நிறுத்தணும். ஏன்னு கேக்கப்படாது.”

“சரி.”

“குட்டிக்கு வைக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய், நான் ஒரு வாய். கசந்தா கொட்டிடலாம்.”

“நீங்க வேணாம். நான் மட்டும்.”

“உங்க நாக்க நம்பி ஒரு தடவ கெட்டோம் சார். என்துதான் முக்கியம். உங்களுது சும்மா, தொணைக்கு.”

முனியப்பா வேலிக்கு வெளியே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அது நடக்கும். கலவை அறையிலிருந்து ஒரு பிடி தானியம்கூட வெளியே போகாது. வாசலில் ஒருவர் நிற்க வேண்டும், அது உங்களில் ஒருவர். புது மஞ்சள் தாள் புட்டியில் முந்தின நாளே தொங்கும். அதை மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவரிடம் ஒருவர் பேசாமல், நிறத்தைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கண்ணை நான் நம்பவில்லை. ஆசைப்படுகிற கண் அது. தின்று பார்த்தவர்களுக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முனியப்பாவை வண்டியோடு எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கொட்டடியில் இடது காதில் கறுப்புப் புள்ளி வைத்த குட்டி ஒன்று இருக்கிறதே, அன்று விழுந்து எழுந்தவற்றில் ஒன்று, அதை எடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார் சவரியம்மா. அது ஒருமுறை பட்டது போதுமாம். வேறு குட்டியை அவரே பொறுக்கித் தருவார்.

தொட்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். கடிகாரம் என்னிடம் இருக்காது, உங்களிடம் கொடுத்துவிடுவேன். நான் குட்டியின் விலாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.